முதல் வணக்கம்

“மஞ்ச சால்வ எங்கடி?” என்றாள் பவுனம்மாள் அத்தை.

மலர்விழி அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து சால்வைகளை எடுத்து எடுத்துத் தன் மடிமேல் போட்டுக்கொண்டிருந்தாள். ஊதா, பச்சை, சிவப்பு, மறுபடியும் ஊதா. பாதிக்கு மேல் பிளாஸ்டிக் உறை பிரிக்காதவை. மஞ்சள் இல்லை. இல்லை என்று தெரிந்தேதான் தேடினாள். தேடிக்கொண்டிருக்கும்வரை அத்தை வேறு கேள்வி கேட்கமாட்டாள் என்று நினைத்திருந்தாள்.

கிள்ளான் வட்டாரத்துத் தமிழ் நிகழ்ச்சிகளில் போர்த்தப்படும் பொன்னாடை ஒருவரிடமே தங்கிவிடுவதில்லை. ஜெஞ்சாரோமில் அப்பாவின் தோளில் விழுந்ததை அவர் அடுத்த மாதம் காஜாங்கில் ஒரு தலைமையாசிரியரின் தோளில் போடுவார். அவர் அதை வேறு எங்கேயோ கொண்டுபோவார். ஓரத்தில் தேநீர்க் கறை பட்ட ஒரு சால்வை எங்கெங்கோ சுற்றிவிட்டு அதே கறையோடு அப்பாவிடமே திரும்பி வந்திருக்கிறது. “பாத்தியாமா, வீட்ட மறக்காம வந்துருச்சு,” என்று அப்பா சிரித்தார். மஞ்சள் ஒன்றுதான் ஊர் சுற்றாதது. தமிழ்ச் சங்கத்தின் செயலாளராகக் கால் நூற்றாண்டு இருந்ததற்காக அப்பா கார்த்திகேசுவுக்குப் போர்த்திய சால்வை. நல்ல ஜரிகை, கனமான குஞ்சம். அதை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை.

“எங்கண்ணன் மேல அதப் போத்தாம வேற எப்பப் போத்தறது? மூணு மணிக்குப் பொட்டிய எடுக்கணும்.”

“தேடுறேன் அத்த.”

“தேடு, தேடு. ஞாயித்துக்கெழம ஜிப்பாவும் வேட்டியுமா உன் காடியில ஏறினாருன்னு பக்கத்து வீட்டுக் குமுதா சொன்னா. நெஞ்சு வலிக்காரர எங்கடி கூட்டிக்கிட்டுப் போனே?”

“ஒரு நிகழ்ச்சி அத்த.”

“சங்கத்துக்காரவங்களுக்கே தெரியாத நிகழ்ச்சியா? தலைவரு திருச்செல்வத்தக் கேட்டேன். அன்னிக்கு ஒண்ணும் இல்லயே அக்காங்கிறாரு. அப்பறம் கையில என்ன அது, நீலமா? குளிப்பாட்டறப்ப தேச்சுத் தேச்சுப் பாத்தேன், போவல.”

“ஆஸ்பத்திரியில போட்டிருப்பாங்க.”

பொய் சொல்லிவிட்டு மலர்விழி தலையைத் திருப்பினாள். திறந்திருந்த கதவு வழியே கூடம் தெரிந்தது. அப்பாவைக் கிடத்தியிருந்த சவப்பெட்டியின் தலைமாட்டில் தம்பி முகுந்தன் உட்கார்ந்திருந்தான். தோள்வரை தொங்கிய முடியைக் காலையில்தான் பின்கட்டில் வைத்து மழித்திருந்தார்கள். வெயில் படாத பிடரி மட்டும் குழந்தையின் பிடரிபோல் வெளுத்திருந்தது. அப்பாவின் வலது மணிக்கட்டையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நீலத்தை யார் போட்டார்கள் என்பது இந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அப்பா அலமாரியைத் திறந்து மஞ்சள் சால்வையை எடுத்து ஒரு துணிப்பையில் வைத்தார். “நீ காட்டினியே ஒரு நோட்டீசு, தம்பி பாடுற எடம். இன்னிக்குத்தானே? கெளம்பு,” என்றார்.

மலர்விழி கைப்பேசியில் அந்த விளம்பரத்தைக் காட்டிப் பத்து நாளாகியிருந்தது. அப்போது அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ‘லாஸ்ட் கோமுட்டர்’ என்பது முகுந்தனின் இசைக்குழு. மூன்று பேர். மலாயிலும் ஆங்கிலத்திலும் பாடுவார்கள், இடையில் ஒன்றிரண்டு தமிழிலும். கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏறியபிறகுதான் அவள் கேட்டாள்.

“எதுக்குப்பா, ரெண்டு வருஷம் கழிச்சு?”

“மைக்குல சொன்னத மைக்குலதான்மா திருப்பி வாங்கணும். வீட்டுக்குக் கூப்பிட்டுத் தோள்ல தட்டி, சாப்பிடுடான்னு சொன்னா சரியாப் போயிருமா? அன்னிக்கு மண்டபமே கேட்டுச்சு.”

அவளுக்கு அது நன்றாக நினைவிருந்தது. சங்கத்தின் ஆண்டு விருந்து. அந்த வாரம்தான் முகுந்தன் பொறியாளர் வேலையை விட்டுவிட்டுக் கித்தாரோடு இறங்கியிருந்தான். மேடையில் அறிவிப்பாளர் சும்மா பேச்சுக்கு, “அண்ணனுக்குப் பிள்ளைங்க எத்தன பேரு?” என்று கேட்டார். அப்பா மைக்கை வாங்கினார். “எனக்கு ஒரே மக. மலர்விழி,” என்றார். கை தட்டினார்கள். முகுந்தன் ஏழாவது மேசையில் கரண்டியும் கையுமாக இருந்தான். கரண்டியைத் தட்டின் ஓரத்தில் சத்தம் வராமல் வைத்துவிட்டு எழுந்து போனான். அதன்பிறகு அவன் வீட்டுக்கு வரவில்லை.

“எவ்ளோ நேரம் பேசப் போறீங்க?” என்றாள் மலர்விழி.

“ரெண்டே வார்த்த. ‘இவன் என் மகன்’. அவ்ளோதான்.”

“அது மூணுப்பா.”

“எண்ணாத. ரோட்டப் பாத்து ஓட்டு.”

அவள் சிரித்துவிட்டாள். மைக் என்றால் அப்பாவுக்குத் தனி மரியாதை உண்டு. சங்கத்தின் கம்பியில்லா மைக்கும் ஒலிபெருக்கியும் அவர் பொறுப்பில்தான் இருந்தன. பெட்டியில் மைக்குக்கென்று பஞ்சு வைத்த ஒரு குழி. ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் வருவதற்குள் பேட்டரி வீணாகுமாம். பொத்தானை அணைத்துவிட்டுத்தான் மைக்கைக் கையில் கொடுப்பார். தெரியாதவர்கள் வந்து, “அனைவருக்கும் வணக்கம்” என்பார்கள். ஒன்றும் கேட்காது. பிறகு யாராவது, “சுவிட்ச் ஐயா, சுவிட்ச்!” என்று கத்துவார்கள். ‘கார்த்திகேசு மைக் முதல் வணக்கத்த முழுங்கிரும்’ என்பது சங்கத்தில் பழைய கேலி. மற்றவர்களுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டு, இப்போது எல்லாருமே அணைத்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள்.

நிகழ்ச்சி நடந்த இடம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய கடைவீட்டின் மூன்றாம் மாடி. கீழே மூடிக் கிடந்த ஒரு சலவைக் கடை. மின்தூக்கி இல்லை. படிகளைப் பார்த்ததும் மலர்விழி அவர் கையைப் பிடித்தாள்.

“வேணாம்பா. நான் போயி அவனக் கீழ கூட்டிக்கிட்டு வரேன்.”

“கீழ மைக் இருக்கா?” என்று கேட்டுவிட்டு அப்பா ஏற ஆரம்பித்தார். திருப்பத்துக்குத் திருப்பம் நின்று சுவரில் ஒட்டியிருந்த பழைய விளம்பரங்களைப் படிப்பதுபோல் மூச்சு வாங்கினார். மேலே ஏறியதும் அவள் காதருகே குனிந்து, “நான் யாருன்னு இப்ப யாருகிட்டயும் சொல்லாத. மைக்குல சொல்லுவேன்,” என்றார்.

வாசலில் முப்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள் நின்றிருந்தான். காதில் வளையம், கழுத்தோரம் பச்சை குத்திய சிலுவை. அப்பா வழக்கம்போல் புறங்கையை நீட்டினார். நிகழ்ச்சி என்றால் வாசலில் சந்தனம் வைப்பார்கள், பன்னீர் தெளிப்பார்கள். அந்த ஆள் அவர் மணிக்கட்டைப் பிடித்து நீல மையில் ஒரு மீன் முத்திரையைக் குத்தினான். அப்பா அதை மூக்கருகே கொண்டுபோனார்.

“வாசன இல்லயே தம்பி?”

“அது மை அங்கிள். வெளிய போயிட்டுத் திரும்பி வந்தா உள்ள விடறதுக்கு.”

“அப்ப மறுபடியும் வரலாம்?”

“எத்தன தடவ வேணாலும் வரலாம் அங்கிள்,” என்று அவன் சிரித்தான்.

உள்ளே இருட்டு. கறுப்பு அடித்த சுவர்கள். எண்பது, நூறு பிள்ளைகள் நெருக்கியடித்து நின்றார்கள். சீனப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள், நம் பிள்ளைகள், எல்லாரும் கலந்து. அப்பா முன்வரிசையைத் தேடினார்.

“நாக்காலியெல்லாம் எங்க தம்பி? யாரு தலைமை?”

“இங்க எல்லாரும் நிக்கிறதுதான் அங்கிள். தலைமையெல்லாம் கெடையாது. கொஞ்சம் இருங்க.” அவன் வாசலுக்குப் போய்த் தான் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து, சட்டை முனையால் துடைத்து, மேடை ஓரமாகப் போட்டான். சற்று நேரத்தில் தலையில் தூடோங் முக்காடு அணிந்த ஒரு பெண் குனிந்து, காதில் வைக்கும் பஞ்சு அடைப்பான் இரண்டை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். சத்தம் அதிகமாக இருக்கும் பாக்சிக் என்று மாமா முறை வைத்து மலாயில் சொன்னாள். பானம் விற்கும் சீனப் பையன் கேட்காமலேயே ஒரு கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தான். யாரும் அவரை யாரென்று கேட்கவில்லை. வயதான ஒருவர் படியேறி வந்திருக்கிறார், அது அவர்களுக்குப் போதுமாயிருந்தது. கடவுள் சில வேலைகளை இப்படித்தான் செய்துகொள்கிறார் என்று மலர்விழிக்குத் தோன்றியது.

விளக்கு எரிந்தது. கித்தார் அதிர்ந்தது. தரை வழியே ஒலி காலுக்குள் ஏறியது. முகுந்தன் முடியை ஒதுக்கிவிட்டு மைக்கில் வாயை வைத்துப் பாடினான். கூட்டம் அவனை ‘முகி’ என்று கூப்பிட்டது. அப்பா துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் கேட்டார். மூன்றாவது பாட்டு முடிந்ததும் காதடைப்பானில் ஒன்றைக் கழற்றி, “சத்தம் கூட. ஒண்ணும் புரியல. ஆனா பய மைக்க சரியாப் புடிக்கிறான்,” என்றார். அவர் வாயால் இதைவிடப் பெரிய பாராட்டு அவள் கேட்டதில்லை.

நான்காவது பாட்டுக்கு முன்னால் முகுந்தன் தண்ணீர் குடித்தான். அப்பா எழுந்தார்.

மேடை முழங்கால் உயரம்தான். ஒரு காலை வைத்து, கையை ஊன்றி ஏறிவிட்டார். வெள்ளை ஜிப்பா, நெற்றி நிறையத் திருநீறு, விளக்கு வெளிச்சத்தில் விரிந்த மஞ்சள் சால்வை. அப்பா ஒரு கையால் சால்வையைத் தூக்கிப் பிடித்தபடி மறுகையை மைக்குக்காக நீட்டினார்.

முகுந்தன் அவரைப் பார்த்தான். பிறகு மேடைக்குக் கீழே, இருட்டில், மலர்விழியைப் பார்த்தான். யாரென்று தெரிந்துதான் பார்த்தான். மைக்கை அவர் கைக்கு எட்டாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“தேங்க் யூ, அங்கிள்!” என்றான். “எல்லாரும் அங்கிளுக்கு ஒரு கை தட்டுங்க!”

கூட்டம் ஆர்ப்பரித்தது. “அங்கிள்! அங்கிள்! அங்கிள்!” அன்பாகத்தான் கத்தினார்கள். கைப்பேசிகள் உயர்ந்தன. டிரம்ஸ்காரன் அந்தக் கூச்சலுக்கு ஏற்றபடி தட்டினான். அப்பா நீட்டிய கையை உடனே இறக்கவில்லை. இறக்கியபிறகு சால்வையை அதன் பழைய மடிப்பிலேயே, ஜரிகை வெளியே தெரிய மடித்தார். கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பின்பக்கமாகத் திரும்பி, ஒவ்வொரு காலாக இறங்கினார். அவர் நாற்காலிக்கு வருவதற்குள் அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது.

இறங்கும்போது இரண்டாவது திருப்பத்தில் அவரால் நிற்க முடியவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டார். வாசலில் நின்ற அந்த ஆள் மூன்று மூன்று படியாக ஓடிவந்து அவர் முதுகைத் தாங்கிக்கொண்டான்.

“அம்புலன்ஸ் கூப்பிடட்டுமா அக்கா?”

“ஒண்ணும் வேணாம்,” என்றார் அப்பா. மூச்சு அடங்கியதும் கேட்டார். “தம்பி பேரு என்ன?”

“மார்வின், அங்கிள்.”

“அப்பா பேரு?”

“மாரிஸ். செந்தூல்ல இருக்காரு.”

அப்பா சுவரைப் பிடித்து எழுந்தார். தொண்டையைச் செருமினார். சங்க மேடையில் கேட்கும் அதே குரல், கொஞ்சம் தேய்ந்து வந்தது. “செந்தூல் திரு மாரிஸ் அவர்களின் அன்பு மகன் மார்வின் அவர்களுக்கு இந்தப் பொன்னாடையைப் போர்த்துவதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்.”

மார்வின் முதலில் சிரித்தான். பிறகு மலர்விழியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தித் தலையைக் குனிந்தான். மேலே கித்தார் இரைந்துகொண்டிருந்தது. சால்வையைப் போர்த்தி, குஞ்சத்தை நேராக்கிவிட்டு, “கொண்டுவந்தத திருப்பி வீட்டுக்குக் கொண்டு போகக்கூடாதும்மா,” என்றார் அப்பா மகளிடம். மார்வின் காடிவரை அவரைத் தோளோடு அணைத்துக் கூட்டிவந்தான். மலர்விழியின் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டான்.

கிள்ளான் வந்து, வீடிருக்கும் தாமானுக்குள் திரும்பும்போது அப்பா சொன்னார்.

“கணக்கு சரியாப் போச்சும்மா. நான் மகனே இல்லன்னேன். அவன் அங்கிள்ன்னான். அவன் பரவால்ல. மரியாதயாத்தான் சொல்லியிருக்கான்.”

அன்று இரவு ரசம் ஊற்றிக் கொஞ்சம் சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். காலையில் காப்பி கொண்டுபோனபோது அந்தக் கை, மீன் முத்திரை மேலே தெரிய, கட்டிலுக்கு வெளியே நீண்டிருந்தது. தொட்டாள். சில்லென்றிருந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்து, உயிர் போய்விட்டது என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னாள். மார்வினிடமிருந்து அதற்குள் செய்தி வந்திருந்தது. ‘அக்கா, அங்கிள் ஓகேவா?’ அதற்கும் பதில் எழுதினாள். முகுந்தன் பெயரை அதில் எழுதவில்லை.

“கெடைக்கல அத்த,” என்று மலர்விழி சால்வைகளை அலமாரியில் திணித்துவிட்டு எழுந்தாள்.

பின்கட்டுக் குழாயருகே முகுந்தன் நின்றிருந்தான். ஈர வேட்டி காலில் ஒட்டியிருந்தது. அவள் குவளையில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். அவன் குடிக்காமல் வைத்துக்கொண்டான்.

“அக்கா. நான் வேணும்னு சொல்லல.”

“ம்.”

“மைக்கக் குடுத்தா அரை மணி நேரம் பேசுவாரு. உனக்குத் தெரியாதா? எங்களுக்குக் குடுத்ததே கொஞ்ச நேரம்லா. அந்த நேரத்துல வாயில என்ன வந்துச்சோ…”

“அங்கிள் வந்துச்சு.”

“அப்ப அவரு சொன்னது? நான் அங்கதான் உக்காந்து சோறு தின்னுக்கிட்டு இருந்தேன். அத யாராச்சும் அவரக் கேட்டீங்களா? நீ கேட்டியா?”

மலர்விழிக்குச் சுருக்கென்றது. கேட்கவில்லை.

“அவரே கேட்டுக்கிட்டாரு,” என்றாள். “அதுக்குத்தான் அவ்ளோ படி ஏறினாரு. ரெண்டு வார்த்ததான் வெச்சிருந்தாரு முகுந்தா. ரெண்டே வார்த்த.”

“என்ன வார்த்த?”

அவன் கண்கள் சிவந்திருந்தன. சொல்லியிருக்கலாம். தாகத்தோடு நிற்பவனுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்த கைதான். அந்த மூன்று சொல்லைக் கொடுக்க வாய் வரவில்லை.

“குடிச்சிட்டுப் போ. அத்த கூப்பிடறாங்க,” என்றாள்.

இரண்டரை மணிக்கு மார்வின் வந்தான். வெள்ளைச் சட்டை போட்டுக் காது வளையத்தைக் கழற்றியிருந்தான். தெருவில் போட்டிருந்த கூடாரத்தைத் தாண்டி, காலணியைக் கழற்றிவிட்டு, கையில் ஒரு பையோடு கூடத்துக்குள் வந்தான். பெட்டியருகே நின்று சிலுவை போட்டுக்கொண்டான். நிமிர்ந்தபோது தலைமாட்டில் இருந்த மொட்டைத் தலையைக் கண்டான்.

“முகி?” என்றான். “நீ எப்பிடி இங்க?”

முகுந்தன் தலையைத் தூக்கவில்லை. மார்வின் சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தான். மறுபடி முகுந்தனைப் பார்த்தான். அவன் தோளில் கிடந்த பூணூலையும் விரலில் சுற்றிய தர்ப்பையையும் பார்த்தான்.

“அவன்தாம்பா மகன்,” என்றாள் பவுனம்மாள். “நீ யாரு?”

கேட்பதற்கு மார்வினிடம் ஒரு கேள்வி இருந்தது. அந்தக் கேள்வியை அவன் கேட்காமல் விட்டதை மலர்விழி பின்னாளில் பலமுறை நினைத்துக்கொள்வாள். அவன் பையைத் திறந்து மஞ்சள் சால்வையை எடுத்தான்.

“அக்கா, நான் சர்ச்சுக்குப் போறவன். உங்க பழக்கம் எனக்குத் தெரியாது. இத அங்கிளுக்குப் போடலாமா?”

“அட, இதானே!” அத்தை எட்டிப் பிடித்தாள். “இது எப்பிடி இவன் கையில? யாருடி இவன்?”

“அப்பா பொன்னாட போத்தினவரு அத்த,” என்றாள் மலர்விழி. “ஞாயித்துக்கெழம.”

கூடத்தில் இருந்த சங்கத்துக்காரர்கள் உடனே நகர்ந்து அவனுக்கு வழிவிட்டார்கள். கார்த்திகேசு மஞ்சள் சால்வையை ஒருவருக்குப் போர்த்தினார் என்றால் அவன் சாதாரண ஆளாக இருக்கமாட்டான். மார்வின் சால்வையை விரித்து நெஞ்சுவரை போர்த்தி, அப்பா அவனுக்குச் செய்ததைப்போலவே குஞ்சத்தை நேராக்கினான். வலது கையை மட்டும் மேலே எடுத்து வைத்தான். மீன் கொஞ்சம் மங்கியிருந்தது. முகுந்தன் சட்டென்று தன் வலது கையை இடது கைக்குள் மறைத்துக்கொண்டான். அங்கேயும் அந்த மீன் இருந்தது.

மூன்று மணிக்குத் திருச்செல்வம் மைக் பெட்டியைத் திறந்தார். ஒலிபெருக்கியைத் தெருப்பக்கம் திருப்பி வைத்தார். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கூடாரத்தில்தான் இருந்தார்கள்.

“அன்னாருடைய உழைப்பப் பத்திச் சொல்றதுக்கு இந்த மைக் ஒண்ணே சாட்சி,” என்று அவர் பேசினார். குரல் தெருமுனைவரை போனது. “அண்ணன் எத்தன பேருக்குப் பொன்னாட போத்தியிருப்பாரு! இன்னிக்கு நாம அவருக்குப் போத்தறோம்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இப்ப குடும்பத்தின் சார்பில, அண்ணனோட ஒரே மகன், ரெண்டு வார்த்த நன்றி சொல்லுவாரு.”

மைக்கைக் கொடுக்கும் முன் அவர் கட்டைவிரல் தன்னையறியாமல் பொத்தானைக் கீழே தள்ளியது. மலர்விழி அதைப் பார்த்தாள். பச்சை விளக்கு அணைந்தது.

முகுந்தன் மைக்கை வாங்கினான். மேடையில் பிடிப்பதுபோலவே உதட்டருகே பிடித்தான். உருமி மேளக்காரர்கள் தெருவில் தோலைச் சூடு காட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மின்விசிறிகள் இரைந்தன. பவுனம்மாள் அத்தை பெட்டியின் விளிம்பில் தலையை முட்டி, அண்ணனின் பெயரைச் சொல்லி அழுதாள்.

“இவரு எங்கப்பா,” என்றான் முகுந்தன். “நான் இவரு மகன்.”

பக்கத்தில் நின்ற மலர்விழிக்கு மட்டும் கேட்டது. கூடாரத்தில் சிலர் காதில் கை வைத்துக் குனிந்தார்கள்.

“ஞாயித்துக்கெழம எனக்குச் சால்வ போட வந்தாரு. அத்தன பேரு முன்னாடி நான் இவர அங்கிள்னு சொன்னேன். தெரிஞ்சுதான் சொன்னேன். அவரு கைய நீட்டினாரு. நான் மைக்க…”

கையை நீட்டினால் பொத்தான் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மைக்கோடு வாழ்கிறவனுக்குத் தன் குரல் திரும்பி வரவில்லை என்பது தெரியாதா? தெரிந்திருக்கலாம். தெரிந்துதான் நிறுத்தாமல் பேசினானோ என்னவோ. அவளுக்கு அது விளங்கவில்லை. அவள் கை அசையவில்லை.

“கேக்கல! கேக்கல!” என்று கூடாரத்திலிருந்து யாரோ கத்தினார்கள்.

“சுவிட்ச் தம்பி, சுவிட்ச்,” என்று திருச்செல்வம் ஒலிபெருக்கியருகிலிருந்து வந்து எட்டிப் பொத்தானைத் தள்ளினார்.

முகுந்தன் அந்தப் பச்சை விளக்கைப் பார்த்தான். சற்றுநேரம் மூச்சு மட்டும் ஒலிபெருக்கியில் கேட்டது.

“வந்த எல்லாருக்கும் ரொம்ப நன்றி,” என்றான்.

அது தெரு முழுக்கக் கேட்டது. பின்வரிசைக்காரர்கள் தலையை ஆட்டினார்கள். உருமி முழங்கியது. பெட்டியை மூடித் தூக்கினார்கள். மூடிக்கு வெளியே மஞ்சள் குஞ்சத்தில் நாலைந்து இழை தொங்கியதை முகுந்தன் குனிந்து, ஒவ்வொன்றாக, உள்ளே தள்ளினான்.

பெண்கள் தெருமுனையோடு நின்றார்கள். வண்டி திரும்பி மறைந்ததும், பெட்டி இருந்த இடத்தைக் கழுவிவிடச் சொன்னாள் அத்தை. மலர்விழி வாசலில் ரப்பர் குழாயைத் திறந்துவிட்டாள். பூவிதழ்களும் பொரியும் தண்ணீரில் மிதந்து சாக்கடையை நோக்கிப் போயின.

மார்வின் சுடுகாட்டுக்குப் போகவில்லை. யாரும் சொல்லாமலே நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். கடைசி நாற்காலியில் மைக் கிடந்தது. அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“முகி பேசறப்ப மொதல்ல ஒண்ணுமே கேக்கல அக்கா. எதாச்சும் ரிப்பேரா?” என்று பொத்தானைத் தள்ளினான். “ஹலோ. ஹலோ.”

காலியான கூடாரத்துக்குள் அவன் குரல் தெளிவாக விழுந்தது.

“நல்லாத்தான் வேல செய்யுது,” என்றான்.

மலர்விழி ரப்பர் குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்து அவன் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். பொத்தானை அணைத்தாள். பெட்டியில், பஞ்சு வைத்த அந்தக் குழிக்குள், அதைப் படுக்கவைத்தாள்.